குணம் யாருடையது?

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, சாத்தூர்)



நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி விழும் சில சொற்களை முதலில் நினைவுபடுத்துகிறேன். பிறவிக் குணம். சாதிப் புத்தி. “அதுங்க அப்படித்தான்.” பள்ளிக்கூடத்தில் “மக்கு”. வேலைத்தளத்தில் “அலட்சியம்”. கடன் கொடுத்தவர் வாயில் “சேர்த்து வைக்கத் தெரியாதவன்”. இந்த ஆறுக்கும் பொதுவான ஒரு கருத்து உண்டு: ஒரு மனிதரின் நடத்தைக்குக் காரணம் அவருக்குள்ளேயே இருக்கிறது, அது பிறப்போடு வந்தது, மாறாது. இது உண்மையா என்று கேட்பதுதான் இன்றைய என் வேலை. உளவியலும் மரபணு அறிவியலும் இதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கின்றன. நாம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம்மைப் பற்றிப் பேச நம் பகையாளிகள் எடுத்துக்கொள்வதும் அதே அறிவியலின் பெயரைத்தான்.

குணத்தைப் பிறப்போடு கட்டிப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் அது திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. கைரேகை கொடு, இரவில் காவலர் முன் ஆஜராகு என்றது சட்டம். நமக்குப் பக்கத்து உசிலம்பட்டி வட்டாரத்தில், பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிரிழந்த 16 பேரை இன்றும் அந்த ஊர் நினைவுகூர்கிறது. பாதிக்கப்பட்ட சாதிகளோடு நமக்கு வேறு கணக்குகள் இருக்கலாம். ஆனால் பரம்பரைக் குணம் என்ற வாதம் யார்மேல் விழுந்தாலும் தவறுதான். அந்த வாதத்தின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்டிருப்பவர்கள் நாம் என்பதால், அதை எதிர்க்கும் கடமை நமக்குக் கூடுதலாக இருக்கிறது.

அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். அவரும் ரங்காச்சாரியும் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வந்தன. இந்த மாதிரியான மூக்களவைகளையே கையில் எடுத்து, தீண்டப்படாதோர் தனி இனம் அல்லர் என்று 1948-இல் தம் நூலில் வாதிட்டவர் அம்பேத்கர். அவர்கள் அளவுகோலை வாங்கி அவர்களையே அளந்து காட்டினார். நாமும் அப்படிச் செய்ய முடியுமா என்று பார்ப்போம்.

இன்றைக்குக் குணத்தை எப்படி அளக்கிறார்கள்? 1936-இல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் சொற்களைப் பொறுக்கினார்கள். ஏறக்குறைய 18,000 சொற்கள் கிடைத்தன. பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சுருக்கிச் சுருக்கி ஐந்து பெரும் பண்புகளாக்கினார்கள்: புதியவற்றை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். கேள்வித்தாள் கொடுப்பார்கள். “நான் என் பொருட்களை ஒழுங்காக வைப்பேன்”, “நான் வேலையைத் திட்டமிட்டுச் செய்வேன்” என்பது போன்ற வாக்கியங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும்.

இந்த அளவுகோல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. படித்த, நகரத்து மக்களிடம் அது ஓரளவு நிலையாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது ஒழுங்கு என்றால் என்ன? நாளைக்கு வேலை உண்டா என்று இன்று இரவுதான் தெரியும் என்றால் திட்டமிடுவது எப்படி? அங்கே அந்தக் கேள்வித்தாள் குணத்தை அளக்கிறதா, வீட்டின் சதுர அடியை அளக்கிறதா? பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் இதே கேள்விகளைக் கேட்டவர்கள், அங்கே ஐந்து பண்புகள் ஐந்தாகப் பிரிந்து நிற்கவில்லை என்று 2013-இல் எழுதினார்கள். அளவுகோலுக்கும் ஊர் உண்டு, வர்க்கம் உண்டு.

அடுத்தது சூழ்நிலை. 1928-இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். தேர்வில் காப்பி அடித்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. அங்கே பொய் சொன்னது இங்கே உண்மை சொன்னது. நாற்பது ஆண்டுகள் கழித்து வால்டர் மிஷெல் இதையே விரிவாகக் காட்டினார்: குண மதிப்பெண்ணை வைத்து ஒருவர் ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்ன செய்வார் என்று சொல்வது பெரும்பாலும் பலிப்பதில்லை. பல நாள், பல இடம் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஆளுக்கு ஆள் ஒரு பாங்கு தெரியத்தான் செய்கிறது. அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு நாள், ஒரு தேர்வு, ஒரு விபத்தை வைத்து ஒருவர் குணத்தை எழுதிவிட முடியாது.

நம் நாட்டுச் சான்று ஒன்று. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவர் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். மேல்சாதியில் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியில் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர். போடுகிற ஒவ்வொன்றுக்கும் காசு. சாதி சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னும் படித்த குழுக்களில், நம் பிள்ளைகள் போட்ட புதிர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதே வகுப்புப் பிள்ளைகள், அதே புதிர். மாறியது வாசிக்கப்பட்ட சாதிப் பெயர் மட்டும். வகுப்பில் “உதவித்தொகைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்” என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்று இப்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாட்களிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்கு அறிவுச் சோதனை வைத்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: காசில்லாத நாட்களில் அதே விவசாயி குறைவாக எடுத்தார். ஒரே ஆள் நான்கு மாதத்தில் மந்தமாகவும் கூர்மையாகவும் ஆவாரா? ஆவார். கடன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டால் மற்றதற்கு இடமில்லை.

சரி, மரபணு? இங்கே நம் தோழர்கள் சிலர் பயந்து, “மரபணுவே பொய்” என்று சொல்லிவிடுகிறார்கள். அது தேவையில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் செய்த ஆய்வுகள், ஆளுமைப் பண்புகளில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு மரபணு வேறுபாட்டோடு தொடர்புள்ளது என்கின்றன. ஆனால் இதன் பொருளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஒருவருடைய கோபத்தில் பாதி அப்பனிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு கூட்டத்துக்குள், அந்தக் கூட்டம் வாழும் சூழலில், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. ஒரு சாதிக்கும் இன்னொரு சாதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ரிச்சர்ட் லெவான்டின் என்ற மரபியலாளர் இதை விதையை வைத்து விளக்கினார். நாம் சாத்தூர் வெள்ளரியை வைத்துச் சொல்லலாம். ஒரே பையிலிருந்து இரண்டு கை விதை எடுங்கள். ஒரு கையை நல்ல உரமும் தண்ணீரும் உள்ள பாத்தியில் போடுங்கள். இன்னொன்றை வறண்ட பொட்டலில் போடுங்கள். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் ஒரு கொடி நீளம், ஒரு கொடி குட்டை. அந்த வேறுபாடு விதையால் வந்தது. ஆனால் பாத்திக்கும் பொட்டலுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க மண்ணால் வந்தது. பொட்டலில் நிற்கும் குட்டைக் கொடியைக் காட்டி “விதை சரியில்லை” என்பவர், பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும் உரிமையைத் தன் கையில் வைத்திருப்பவர்.

அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். 1936-இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, கூட்டம் ரத்தானதால் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், மனிதரின் ஆற்றலுக்கு மூன்று காரணங்களை அவர் சொல்கிறார்: உடல்வழி மரபு, பெற்றோர் வளர்ப்பு, கல்வி போன்ற சமூக மரபு, சொந்த முயற்சி. மனிதர்கள் சமமற்றுப் பிறக்கலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. அதற்காக அவர்களைச் சமமற்று நடத்தலாமா என்பதுதான் அவர் கேள்வி. முயற்சியில் உள்ள வேறுபாட்டுக்கு வேறு கூலி கொடுங்கள். பிறப்பிலும் வளர்ப்பிலும் முன்கூட்டியே வென்றவர்களை மறுபடியும் வெல்ல வைப்பது நியாயமா? ஒருவரிடமிருந்து முழுமையானதைச் சமூகம் பெற விரும்பினால் தொடக்கத்தில் எல்லாரையும் சமமாக நடத்தியாக வேண்டும் என்பது அவர் முடிவு. இடஒதுக்கீட்டைத் “தகுதி” என்ற சொல்லால் அடிப்பவர்களுக்கு இதற்குமேல் பதில் வேண்டாம்.

கடைசியாக நம் ஊர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் பிறகு “உராய்வு”, “தொழிலாளியின் அலட்சியம்” என்ற சொற்கள் வருகின்றன. லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார்: அடிப்படைக் காரணப்பிழை. சூழ்நிலை செய்ததை ஆளின் குணம் செய்ததாகப் பார்ப்பது. ஒரு அறையில் விதி அனுமதிப்பதைவிடக் கூடுதல் ஆட்கள், கூடுதல் மருந்து, உள்குத்தகை, எண்ணிக்கைக்குக் கூலி, தீபாவளி நெருங்க நெருங்க அவசரம், வைகாசி வெயில். இத்தனைக்கும் நடுவே மருந்து இடிக்கும் கை ஒரு முறை நடுங்கினால் அதற்குப் பெயர் அலட்சியமா? அவசரப்படுத்திய கூலிமுறைக்கு என்ன குணம்? அதை ஏன் யாரும் அளப்பதில்லை?

எழுதும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதே மாவட்டத்து வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து வந்த பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வெளிவந்தது. பள்ளியில் ஒரு தேங்காய் விழுந்ததற்குத் திருட்டுப் பட்டம் கட்டி, சாதியையும் சேர்த்துச் சொன்ன நிகழ்ச்சி அதில் உண்டு. ஒரு பிள்ளையின் நெற்றியில் குணம் எப்படி எழுதப்படுகிறது என்பதை ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்பே அந்தப் பக்கங்கள் காட்டிவிட்டன. நம் கதைகளில் குடிகாரத் தகப்பனும் கோபக்கார அம்மாவும் வரட்டும், தவறில்லை. ஆனால் அவர்கள் நிற்கும் பொட்டலையும் எழுதுங்கள்.

நம் கோரிக்கைகள் எளியவை. வகுப்பறையில் சாதியைச் சொல்லி எழுப்பக் கூடாது. விபத்து அறிக்கையில் “அலட்சியம்” என்று எழுதும் முன், அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, என்ன கூலி, உரிமம் யார் பெயரில், நடத்தியது யார் என்ற ஐந்தையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகும் குணத்தைப் பற்றிப் பேச ஏதாவது மிச்சமிருந்தால், உட்கார்ந்து பேசலாம்.