தூண்டில்காரர் இல்லாத சட்டம்



காக்கப்பட வேண்டிய சூரை மீன்களைப் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோருக்கு இந்தியா என்ன விதி வகுக்கலாம் என்று பேசக் கூடியிருக்கிறோம். கடற்காற்றே படாத தில்லியில் இந்தப் பேச்சா என்று சிலர் கேட்டார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரை, மீன்பிடிப்புக்கு விதி எழுதும் பொறுப்பு ஒன்றிய அரசுடையது. எழுதுகிறவர்கள் இருக்கும் ஊரில்தானே பேச வேண்டும்?

தலைமையுரை என்றால் பொருளைத் தொட்டும் தொடாமலும் வாழ்த்திவிட்டு உட்காருவது வழக்கம். நான் வழக்கத்தை மீறி, கடலைவிட்டு ஆற்றுக்குப் போகப் போகிறேன். காரணம் எளியது. காக்க வேண்டிய மீன், அதை விளையாட்டுக்காகப் பிடிக்கும் மனிதர், இடையில் சட்டம் என்ற இந்தச் சிக்கலை நாம் ஏற்கெனவே ஒருமுறை சந்தித்திருக்கிறோம். அது காவிரியில் நடந்தது.

அதற்கு முன் கடலில் பிற நாடுகள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 மார்ச்சில் தோகாவில் கூடிய பன்னாட்டு வனவுயிர் வணிக மாநாட்டில், அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய மொனாக்கோ ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. ஆதரவு 20, எதிர்ப்பு 68. தீர்மானம் தோற்றது. ஆனால் பிடிப்பு ஒதுக்கீடுகள் இறுக்கப்பட்டன. 2021 இல், ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் அந்த மீன் அபாயக் கட்டத்திலிருந்து இறங்கிவிட்டது. இந்த இறுக்கத்தில் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் அவர் படகுக்கு அனுமதி வாங்க வேண்டும், பிடித்ததை விற்கக் கூடாது, கரைக்குக் கொண்டுவந்த நீலத்துடுப்புச் சூரையை 24 மணி நேரத்துக்குள் பதிவுசெய்ய வேண்டும். 73 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய மீன் என்றால் படகுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான். அவர் பிடிக்கும் கடற்பகுதிக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் அந்த ஒன்றும் கிடையாது. ஜப்பான் 2021 இல், 30 கிலோவுக்குக் குறைந்த பசிபிக் நீலத்துடுப்புச் சூரையைப் பொழுதுபோக்காளர் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. ஜெர்மனியின் நிலை வேறு. தக்க காரணமின்றி ஓர் உயிரை வதைக்கக் கூடாது என்பது அங்குள்ள விலங்கு நலச் சட்டம். ஆகவே, விடுவதற்கென்றே பிடிப்பதுதான் அங்கே குற்றமாகக் கூடும். ஓரிடத்தில் அறமாக இருப்பது இன்னோரிடத்தில் வழக்காகிறது. எது சரி என்று இரண்டாம் நாள் அமர்வில் நீங்கள் சண்டையிடலாம். இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒன்றுதான் எனக்கு வேண்டும்: அங்கே தூண்டில்காரர் என்றொருவர் சட்டத்தில் இருக்கிறார்.

நம் கடல் சட்டங்களில் அவரைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இல் வந்தது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இடையே மோதல் முற்றியிருந்த காலம் அது. பிழைப்புக்குப் பிடிப்பவரை மனத்தில் வைத்து அது எழுதப்பட்டது, அது சரியும்கூட. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை என்றால் அது விசைப்படகின் வயிற்றைத் தொடுகிறது. அந்தமானில் வாடகைப் படகேறி, நாய்ப்பல் சூரையோடு மல்லுக்கட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் பயணியை மனத்தில் வைத்து இத்தகைய சட்டங்கள் எழுதப்படவில்லை.

இனி காவிரிக்கு வருகிறேன்.

மாஷீர் மீனின் புகழைப் பரப்பியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். சென்னை மாகாண ஆட்சிப்பணி அதிகாரி. இந்தியாவில் தூண்டிலிடுவது பற்றிய அவருடைய நூல் 1873 இல் மங்களூரில் அச்சானது. அதே ஆண்டில்தான் இந்த யமுனையின் குறுக்கே, மலையடிவாரத்தில், தாஜேவாலாத் தடுப்பணை எழுந்தது. பின்னாளில் பொன் மாஷீருக்காகத் துரைமார்கள் அங்கே போனார்கள். ஆனால் பெரிய மீன் தெற்கில்தான் இருந்தது. மைசூரில் விலங்குகளைப் பதப்படுத்தும் தொழிலில் பேர்பெற்ற வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், 1946 இல் காவிரிப் படுகையில் 120 பவுண்டு மாஷீரைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோ. விடுதலைக்குப் பின் அந்த மீன் ஒழிந்தே போயிற்று என்று வெளியுலகம் நம்பியது. 1977 இல் மூன்று ஆங்கிலேயர்கள் வந்து தேடி, இல்லை, இருக்கிறது என்று காட்டினார்கள்.

அதன்பின் பீமேஷ்வரி, கலிபோரே, தொட்டமக்களி முகாம்கள் வந்தன. பரிசலில் போய், வேகவைத்த ராகி உருண்டையைக் கொக்கியில் செருகி, பாறைகளுக்கிடையே எறிந்து காத்திருப்பார்கள். சிக்கிய மீனை எடைபோட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட வேண்டும். முகாமில் வழிகாட்டிகளாக வேலை பார்த்த உள்ளூர்க்காரர்களில் சிலர் முன்பு வெடிவைத்து மீன் பிடித்தவர்கள். வெடியும் நஞ்சும் கூடாது என்று 1897 மீன்வளச் சட்டமே சொல்லிவிட்டது. நூறாண்டாகச் சட்டத்தால் முடியாததை மாதச் சம்பளம் ஓரளவு செய்தது. நான் இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பணக்கார விருந்தாளியின் பொழுதுபோக்கை நம்பி ஓர் ஆற்றைக் காப்பது வலுவான ஏற்பாடு அல்ல.

வலுவற்றது என்பது விரைவிலேயே தெரிந்தது. முகாம்கள் இருந்த பகுதி 1987 இல் காவிரி வனவிலங்கு சரணாலயமாகியிருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்கு என்பதற்குள் மீன் அப்போது சேரவில்லை. 2002 திருத்தம்தான் சேர்த்தது. சரணாலயத்துக்குள் விலங்கைப் பிடிப்பது வேட்டை, விட்டுவிட்டாலும் வேட்டைதான் என்ற வாதத்துக்கு அது வழிவிட்டது. 2012 வாக்கில் முகாம்களில் தூண்டில் நின்றுபோயிற்று. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த முடிவில் பிழை சொல்ல முடியாது. தூண்டில்காரருக்கென்று தனி வரி இல்லாத சட்டம், அவரை வேட்டைக்காரரின் பெட்டியில் போட்டது. வேறு பெட்டி அதனிடம் இல்லை. முகாம்களின் கண் போனபின் வெடிவைப்பு திரும்பியது என்று மீனியலாளர்கள் எழுதினார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்தி, தடையே தவறு என்று முடிப்பவர்கள் உண்டு. என்னால் முடியாது. இன்னொரு பாதி இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்.

கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை யார், எத்தனை மணி நேரம், என்ன பிடித்தார் என்று எழுதிவைத்த குறிப்பேடுகள் இருந்தன. பிண்டர், ராகவன், பிரிட்டன் ஆகியோர் அவற்றை 2015 இல் அலசினார்கள். 23,620 மணி நேரத் தூண்டிலில் 6,161 மாஷீர்கள். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகிறது, ஆறு செழிக்கிறது என்று தோன்றும். மீன்களை இனம் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஏறியது நீலத்துடுப்பு மாஷீர். அது காவிரிக்கு உரியது அல்ல. லோனாவாலாக் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வந்து, மீனைப் பெருக்குகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு விடப்பட்டது. காவிரிக்கே உரிய திமில் மாஷீர், 120 பவுண்டுக்கு வளர்ந்த அந்த இனம், ஏட்டிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்தது. தூண்டில்காரர்களோ கூடை நிறைகிறது என்று மகிழ்ந்திருந்தார்கள்.

திமில் மாஷீருக்கு அப்போது உறுதியான அறிவியல் பெயரும் இல்லை. 2018 இல், மாயாற்றில் கிடைத்த மீன்களை வைத்து, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவியேதான் இது என்று நிறுவினார்கள். அதே ஆண்டில் ஐயுசிஎன் அதை மிக அபாயமான நிலையில் சேர்த்தது. பெயரில்லாத மீனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடிப் பவானிசாகருக்கு வரும் அந்த மாயாறு இன்று இந்த மீனின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. 2022 நவம்பரில் தமிழ்நாடு அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தால், கர்நாடகத்தின் காட்டோடு நம் பக்கத்துக் காடும் தொடர்ந்து காக்கப்படுகிறது. அங்கே மீன் கணக்கு எடுக்கப்போவது யார் என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் பேச வேண்டும்.

சூரைக்குத் திரும்புகிறேன். மஞ்சள்துடுப்புச் சூரையின் குஞ்சும் பெருங்கண் சூரையின் குஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈரலில் கோடுகள் உண்டா என்று பார்த்தால் தெரியும். விட வேண்டிய மீனின் ஈரலை யார் பார்ப்பது? தூண்டில்காரரிடம் கணக்கு மட்டும் கேட்டு இனத்தைக் கேட்காவிட்டால், கலிபோரேக் குறிப்பேட்டின் முதல் வாசிப்பையே கடலிலும் செய்துகொண்டிருப்போம்.

விடுவது என்பதும் சூரையிடம் அவ்வளவு எளிதல்ல. வாயைத் திறந்தபடி நீந்திக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. தசையின் சூட்டை உடலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் மீன் அது. நெடுநேரம் இழுத்துப் போராடவிட்டு, படகில் ஏற்றிப் படமெடுத்து, பிறகு போட்டுவிட்டால், நாம் விட்டது உயிருள்ள மீன்தானா என்பதே சந்தேகம். படகில் ஏற்றவே கூடாது, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்ற வேண்டும், இழுபடும் நேரத்தைக் குறைக்கும் வலுவான தூண்டில் நரம்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்பவை என் விருப்பங்கள். தொழில்நுட்ப அமர்வு இவற்றை அடித்துத் திருத்தட்டும்.

இன்னொன்றை மட்டும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தூண்டிலிடுகிறார்கள். மினிக்காய்த் தீவினர் உயிருள்ள இரைமீனை வீசிவிட்டுக் கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். நம் மாசிக்கருவாடு அந்தக் கையுழைப்பிலிருந்து வருவது. இந்தியப் பெருங்கடலில் மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015 இல் கண்டபின் எழுந்த ஒதுக்கீட்டுச் சச்சரவு முழுவதும், இவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது பற்றியது. பொழுதுபோக்குக்கு ஒரு பங்கு கேட்கும் கட்டுரை இந்த அரங்கில் வருமானால், அந்தப் பங்கு யார் கையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் அது எழுதியிருக்க வேண்டும். எழுதாத கட்டுரையைத் தலைவர் என்ற முறையில் நானே நிறுத்திக் கேட்பேன்.

முதல் அமர்வு குறிப்பேடுகள் பற்றியது. படகுக்காரர் எதை எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன என்ற மூன்று கேள்விகளிலிருந்தே தொடங்கும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.