புயல் செய்தியும் நம் வகுப்பறையும்

(மீஞ்சூரில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புயலைப் பற்றி மீஞ்சூர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். ஐப்பசி பிறந்தால் நமக்குப் புயல் ஒரு விருந்தாளி மாதிரி. ஆனால் நான் பேச வந்தது புயல் செய்தியைப் பற்றி. அதில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2016 டிசம்பர் தொடக்கத்தில் 'நடா' புயல் வந்தது. தொலைக்காட்சியில் இரண்டு நாள் ஒரே பரபரப்பு. கடைசியில் அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் கரையைக் கடந்தது. நமக்குச் சாதாரண மழைதான். சில நாளில் அடுத்த புயல் பேச்சு எழுந்தபோது பிள்ளைகள் கேட்டார்கள். "டிவிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க, ஒண்ணும் வராது" என்று சிரித்தேன். வகுப்பே சிரித்தது.

டிசம்பர் 12 அன்று 'வர்தா' சென்னைக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. மாலையில் திடீரென அமைதி. புயலின் கண் நம் பக்கம் கடந்துகொண்டிருந்த நேரம் அது. என் மாணவன் ஒருவனின் அப்பா, புயல் ஓய்ந்துவிட்டது என்று எண்ணி, கரையில் கட்டியிருந்த படகைப் பார்க்கப் போனார். அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. புரண்ட படகு அவர் காலை நசுக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால் நெடுநாள் தொழிலுக்குப் போக முடியவில்லை.

பள்ளி திறந்ததும் அந்தப் பையன் கோபமே இல்லாமல் கேட்டான்: "நீங்கதானே சார் ஒண்ணும் வராதுன்னு சொன்னீங்க? வீட்டுலயும் அப்படியே சொன்னேன்."

ஆசிரியர் சொல் வீடு வரை போகும் என்பதை அன்று உணர்ந்தேன். 'கண் கடக்கும்போது வெளியே வராதீர்கள், காற்று எதிர்த்திசையில் திரும்பும்' என்ற ஒரு வரியை நான் சொல்லியிருந்தால், அந்த வரியும் அதே வீட்டுக்குப் போயிருக்கும்.

செய்தி ஊடகங்கள் மிகைப்படுத்துவது உண்மைதான். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்தன. பயந்த அளவுக்கு 16-ஆம் தேதி மழை இல்லை என்றதும் கேலி தொடங்கியது. 2015 வெள்ளத்தில் காரை இழந்தவர் செய்ததைக் கேலி செய்வது எப்படி நியாயம்? தவிர, வட சென்னையில் அதற்கு முந்தின நாளே மழை கொட்டித் தீர்த்துவிட்டது. 'மழையே இல்லை' என்பது யார் தெருவிலிருந்து சொல்லும் செய்தி?

2023-இல் 'மிக்ஜாம்' இதற்கு நேர்மாறு. 'எங்கே கரையைக் கடக்கும்' என்பதே பெரிய செய்தியாக இருந்தது. அது கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, டிசம்பர் 5 அன்று. ஆனால் அதற்கு முன்பே நம் கடலோரத்தில் மெதுவாக நகர்ந்து, சென்னையையும் நம் மாவட்டத்தையும் மூழ்கடித்துவிட்டது. எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படிந்தது. கேமராக்கள் கடற்கரையில் நிற்கும். கொசஸ்தலை ஆற்றங்கரைக்காரர்களின் கண்ணோ பூண்டி ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதில் இருக்கும். எந்த ஊருக்கு எந்தச் செய்தி முக்கியம் என்பதை அந்த ஊர்தான் அறியும்.

ஆகவே செய்தியை நம்பாதே என்றும் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும் நம்பு என்றும் சொல்லக்கூடாது. படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பக்கத்திலேயே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இருக்கின்றன. 'ஆறாம் எண் கூண்டு ஏற்றம்' என்றால் ஐந்தைவிடப் பலமான புயல் என்றே பலர் நினைக்கிறோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே வகை அபாயம்தான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். அதேபோல் சிவப்பு எச்சரிக்கை என்றால், மாவட்டத்தில் சில இடங்களிலாவது ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். உங்கள் வாசலில் பெய்யும் என்ற உறுதிமொழி அல்ல அது.

இப்போது ஒவ்வொரு பருவமழையிலும் என் வகுப்பில் ஒன்று செய்கிறோம். ஒரே நாளின் செய்தித்தாள் தலைப்பையும் வானிலை மைய அறிக்கையையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவோம். யார் சொன்னது? எப்போது சொன்னது? எந்த ஊருக்கு? எவ்வளவு? நான்கு கேள்விகள்தான். சிறு வகுப்பானால் 'எப்போது, எங்கே' போதும். பிறகு பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் பார்த்த புயலைக் கேட்டு எழுதி வருவார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துத் தாத்தாக்களின் அனுபவம் பெரிது. ஆனால் 'எத்தனை புயல் பார்த்திருப்போம்' என்ற சொல்லில் அசட்டையும் உண்டு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

'புலி வருது' கதையை நாம் எல்லோரும் நடத்துகிறோம். பொய் சொன்ன பையனைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். கடைசியில் புலி வந்ததையும் சேர்த்துச் சொல்வோம்.