இரண்டு சாக்ஸபோன்களும் ஒரு புகார்க் கடிதமும்

(நம் சங்கத்தின் இசை மாலையில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சமீபத்தில் கேட்டுப் பிடித்த ஓர் ஆல்பத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் சொன்னார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஓய்வுபெற்ற கணக்காளர் நான். காதில் விழுந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆல்பத்தின் பெயர் 'கின்ஸ்மென்'. உறவுக்காரர்கள் என்று பொருள். 2008-இல் அமெரிக்காவில் வெளியானது. இதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் கத்ரி கோபால்நாத். 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் நம்மையெல்லாம் உருக்கிய சாக்ஸபோன் அவருடையது. 2019-இல் காலமானார். இன்னொருவர் ருத்ரேஷ் மகந்தப்பா, அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர். இளைஞராக இருந்தபோது அவருடைய சகோதரர் விளையாட்டாகக் கோபால்நாத்தின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தாராம். அந்த விளையாட்டு பிற்காலத்தில் இந்த ஆல்பத்தில் வந்து முடிந்தது.

என் மகள் இதை அனுப்பி வைத்தாள். முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஒரே இரைச்சலாகப் பட்டது. மறுநாள் பூங்காவில் நடக்கும்போது இயர்போனில் மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். தாளம் கிடைத்ததும் பக்கத்திலேயே ஓடும் டிரம்ஸ் புரிந்தது. கன்யாகுமரி அம்மாவின் வயலின் தெரிந்த குரலாகக் கூப்பிட்டது. அப்புறம்தான் இரண்டு சாக்ஸபோன்களும் தனித்தனியே கேட்டன.

சாக்ஸபோன் சாவிகள் உள்ள வாத்தியம். சாவியை அழுத்தினால் ஸ்வரம் அந்த இடத்தில் நின்றுவிடும். நம் கமகமோ ஸ்வரங்களுக்கு நடுவே வளைந்து போக வேண்டும். மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மயங்கிய கோபால்நாத், நாதஸ்வர வித்வானின் மகன். அதை வளைத்துக் கொண்டுவர அவருக்குப் பல வருடங்கள் பிடித்தன. மகந்தப்பா அவரைப் போல வாசிக்க முயலவில்லை. தன் கூரான, வேகமான பாஷையிலேயே பேசுகிறார். ஊரில் வளர்ந்த பெரியப்பாவும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளையும் திண்ணையில் பேசிக்கொள்வது போல எனக்குப் பட்டது. பேச்சு வேறு, ஜாடை ஒன்று.

இனி நான் சொல்லியாக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை மாலை வேளையில் சாக்ஸபோன் பழகினான். தினமும் ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதுவான். "லாரி ஹாரன் மாதிரி இருக்கிறது" என்று சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. சத்தம் நின்றது. நிம்மதி என்று நினைத்தேன்.

ஒரே ஸ்வரத்தை மூச்சு நடுங்காமல் நீளமாக ஊதுவதுதான் இந்த வாத்தியத்துக்கு அடிப்படைப் பயிற்சி என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் 'ஸா' பிடிப்பது போலத்தான். அதை நாம் மெச்சுவோம், இதை நிறுத்தச் சொன்னோம்.

படுத்திருக்கும் பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் சிரமம் நிஜம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புகார் எழுதிய நாம் மாற்று இடம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். இந்தச் சங்கக் கூடம் மாலை ஐந்து முதல் ஆறரை வரை காலியாகத்தான் கிடக்கிறது. செயற்குழு சம்மதித்தால் தினமும் நானே சாவி வாங்கித் திறந்து வைக்கிறேன், பூட்டும் வரை உட்கார்ந்தும் இருக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் பெற்றோர் கூட்டத்தில் இருக்கிறார்கள். சார், அம்மா, நான் அவசரப்பட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும். வாத்தியத்தைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது இந்த ஆல்பத்திலிருந்து 'கல்யாணி'யைப் போடுகிறேன். முதலில் புரியாவிட்டால் என்னைப் போல மிருதங்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.