மூன்று பாதைகள் கண்ட ஊர்: ஓர் இருப்புப்பாதைத் தொழிலாளியின் நினைவுகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓசூருக்கு இரயில் வந்தது எப்போது என்று கேட்டால், பதில் சொல்பவரின் வயதைப் பொறுத்து விடை மாறும். இளைஞர்கள் அகலப்பாதையைச் சொல்வார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மீட்டர் பாதையைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால் ஒரு பாதை இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல இன்று ஆளில்லை. ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் ஒரே ஊர் மூன்று பாதைகளைக் கண்டுவிட்டது. தண்டவாளங்களுக்கு இடையே முதலாவதற்கு இரண்டரை அடி, இரண்டாவதற்கு ஒரு மீட்டர், மூன்றாவதற்கு ஐந்தரை அடி.

இவற்றுள் இரண்டாவது பாதைக்கு மண் வெட்ட வந்து, மூன்றாவது பாதையில் பாயின்ட்ஸ்மேனாக ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரின் நினைவுகளைச் சுற்றியே இவ்வுரை அமைகிறது. பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். தம்மைப் போல ஆயிரம் பேர் இருந்தார்கள், ஒருவர் பெயரை மட்டும் போடுவது முறையன்று என்பது அவர் கூறும் காரணம்.

முதற்பாதையின் கதையைத் தாது வருடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமன்று. அன்று ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி யாவும் சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. பஞ்சத்தை ஆராய்ந்த குழு 1880-இல் தந்த அறிக்கையில், தானியம் விரைந்து போய்ச் சேரும்படி வறண்ட பகுதிகளில் இருப்புப்பாதைகள் போடவேண்டும் என்று வற்புறுத்தியது. ஆயினும் இப்பகுதிக்கு வண்டி வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் சிறு பாதைகள் திறக்கப்பட்டன. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது.

சிறு பாதை என்பதால் செலவு குறைந்தது, உழைப்பு குறையவில்லை. மொரப்பூரும் திருப்பத்தூரும் சென்னையிலிருந்து மேற்கே செல்லும் அகலப்பாதையில் இருந்தன. சிறிய வண்டி பெரிய தண்டவாளத்தில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி, ஒருவர் முதுகில் ஏறி, மறு வண்டிக்குள் போய்ச் சேர வேண்டியிருந்தது. பாதையின் வரவு செலவைக் கணக்குப் பார்த்தவர்கள் இந்த முதுகுகளை எந்தப் பத்தியில் எழுதினார்களோ தெரியாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இச்சிறு பாதைகள் மூடப்பட்டன. ஓசூர் வண்டி 1941-இல் நின்றது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இன்று கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத்தின் தலைநகர். 2004 முதல் அதற்கு அந்தப் பெருமை உண்டு. மாவட்டத்தின் கிழக்கே சாமல்பட்டியில் இரயில் நிற்கிறது. 1905-லேயே இரயிலைக் கண்ட தலைநகரில் நிலையம் இல்லை.

அந்தச் சிறு பாதையில் விளக்கேற்றியவர், நிலக்கரி அள்ளிப் போட்டவர், மூட்டை மாற்றியவர் ஆகியோரின் சொல் என்று ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா? பாதையின் நீளமும் திறந்த நாளும் ஏடுகளில் கிடைக்கின்றன. ஆட்களின் குரல் அங்கே இல்லை. இங்கேதான் நம் முதியவரின் முதல் வருத்தம் தொடங்குகிறது. 1960-களில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே மீட்டர் பாதைக்கு மண்வேலை நடந்தபோது, இருபது வயதும் நிரம்பாத அவர் தினக்கூலியாக இராயக்கோட்டைப் பக்கம் வேலை செய்தார். உச்சிவேளையில் புளியமரத்தடியில் கூழ் குடிக்க உட்காரும்போது கிழவர் ஒருவர் வந்து அமர்வாராம். சின்ன வண்டியில் வேலை பார்த்தவர் என்று ஊரார் சொன்னார்கள். பழைய பாதை போன இடம் அதோ என்று அவர் கோலால் ஒரு மேட்டைக் காட்டினார். இளைஞர்கள் சிரித்தார்கள், அவ்வளவு சிறிய வண்டியில் மனிதர் போனார்களா, ஆடு போயிற்றா என்று கேலி பேசினார்கள். கிழவர் கோபிக்கவில்லை. மறு வாரம் அவர் வரவில்லை. ஒரு கேள்வியாவது ஒழுங்காகக் கேட்டிருக்கலாமே என்று இன்று எண்பதை நெருங்கும் இவர் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

மீட்டர் பாதைக்கு வருவோம். அவர் நினைவு செழித்து ஓடுவது அங்கேதான்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் காப்பது ஓர் உலோக உருண்டை. இரு நிலையங்களிலும் இருக்கும் கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் போய்ச் சேரும்வரை அடுத்த உருண்டை எந்தப் பக்கமும் வராது. அந்த உருண்டை கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அதைத் தோல்பையில் இட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டிக்கு நீட்ட வேண்டும். இரவானால் ஒரு கையில் பந்தம், ஒரு கையில் வளையம். எஞ்சினிலிருந்து நீளும் கை வளையத்துக்குள் புகுந்து அதைப் பறித்துக்கொண்டு போகும்; அதே நொடியில் பழைய வளையம் மேலிருந்து விழும். விழுந்ததை இருட்டில் தேடி எடுத்துக் கருவிக்குள் போட்டால்தான் பின்னால் நிற்கும் வண்டிக்கு வழி பிறக்கும். மழை இரவொன்றில் வளையம் பாதையோரப் புதருக்குள் உருண்டுவிட, நிலைய அதிகாரியும் இவரும் கைவிளக்கோடு முட்செடிகளை விலக்கித் தேடிய கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். அடுத்த நிலையத்தில் ஒரு வண்டி முழுதும் மனிதர்கள், எதற்காக நிற்கிறோம் என்று அறியாமலே காத்துக் கிடந்தார்கள்.

சரக்கு வண்டியைப் பற்றிப் பேசும்போது அவர் கண்ணைவிட மூக்கையும் காதையும் நம்புகிறவர். பழைய வேகன்களின் அச்சுப் பெட்டிக்குள் எண்ணெயில் தோய்த்த பஞ்சுக் கழிவு அடைத்திருப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு காய்ந்து கனலும். நிலையத்தைக் கடக்கும் வண்டியை இருபுறமும் ஆள் நின்று பார்ப்பது வெறும் மரியாதைக்காக அன்று. கருகும் பஞ்சின் வாடை முதலில் வரும், புகை பிறகு வரும் என்கிறார். வாடை வந்த உடனே சிவப்பு விளக்கைக் காட்டி, கார்டை எச்சரித்து, வண்டியை நிறுத்தி, அந்த ஒரு வேகனை மட்டும் கழற்றி ஓரத் தடத்தில் தள்ள வேண்டும். சக்கரத்தின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தால் தண்டவாளத்தில் அது தட்டிக்கொண்டே வரும். பதிவேட்டில் நேரமும் வேகன் எண்ணும் ஏறும். மோப்பம் பிடித்த மூக்குக்கு அங்கே இடமில்லை.

மீட்டர் பாதை எஞ்சின்களின் பெயரையும் அவர் பாடம்போல் ஒப்பிப்பார். ஒய் என்றால் மீட்டர் பாதை; பி சேர்ந்தால் பயணிகள் வண்டிக்கு, ஜி சேர்ந்தால் சரக்கு வண்டிக்கு. ஒய்.பி., ஒய்.ஜி. இரண்டும் நீராவி. பின்னால் வந்த டீசல் எஞ்சின் கரியும் தண்ணீரும் கேட்கவில்லை. கரியையும் தண்ணீரையும் நம்பியிருந்த ஆட்களையும் கேட்கவில்லை.

பாசஞ்சர் வண்டியோ ஒரு நடமாடும் சந்தை. இராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் ஏறும். கெலமங்கலத்தில் காய்கறியும் பூவும் ஏறும். ஓசூரைக் கடந்து ஆனேக்கல் சாலை வந்தால் கன்னடம் மிகும். அதற்கு முன்பே ஒரு பெட்டிக்குள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் விலை பேசிக்கொண்டிருக்கும். எல்லைப்புறத்து மக்களுக்கு மொழி மாறுவது தடம் மாறுவதைப் போலத்தான். நெம்புகோலை இழுக்கும் ஓசைகூட எழாது. கூடைக்காரப் பெண்களுக்கு நேர அட்டவணை தேவைப்பட்டதில்லை. கைகாட்டி மரம் இறங்கும் ஓசை கேட்டதும் கூடையைத் தலைக்கு ஏற்றுவார்கள்.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970-களில் தோன்றியது. 1980-களில் கனரக வாகனமும் மொபெட்டும் கைக்கடிகாரமும் அங்கே உருவாகத் தொடங்கின. அன்றும் பாதை ஒரு மீட்டர் அகலமே. ஓசூரில் ஏற்றிய சரக்கு வட இந்தியாவின் அகலப்பாதைக்குப் போக வேண்டுமானால் வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏற வேண்டும். மொரப்பூரில் 1906-இல் நடந்த அதே மூட்டை மாற்றம்! லாரியோ ஆலை வாசலில் ஏற்றியதைக் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. பாதையின் அகலம் காத்திருந்த இருபது ஆண்டுகளில் சரக்கு நெடுஞ்சாலைக்குப் பழகிப்போயிற்று என்பது முதியவர் தீர்ப்பு. பொருளியலார் வேறு காரணங்களும் சொல்லக்கூடும். எனினும் நிலையத்துச் சரக்குக் கொட்டகையின் நிழலில் நின்று லாரிகளை எண்ணியவர் அவர். அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் தாராளமாகச் சொல்பவர் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிடுகிறார். 1974 மே 8-ஆம் நாள் தொடங்கி இருபது நாள் நீடித்த அகில இந்திய இரயில்வே வேலைநிறுத்தம் அது. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ஏறத்தாழ 17 இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டதாகச் சொல்லப்படும் போராட்டம். நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வேலை இழந்தோர் பலர். அந்த இருபது நாளும் அவர் எங்கே இருந்தார்? வேலைக்குப் போனாரா, போகவில்லையா? கேட்டால் வெற்றிலையை மடிப்பார். ஒரு முறை மட்டும், வீட்டில் அரிசி இல்லை என்றும், மளிகைக் கடைக்காரர் கேட்காமலே கடன் கொடுத்தார் என்றும் சொன்னார். அக்கடன் அடைபட எட்டு மாதம் ஆனதாம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நிலையான வேலை என்ற உறுதி இல்லாத ஒரு தற்காலிகத் தொழிலாளிக்கு, போனாலும் வடு, போகாவிட்டாலும் வடு என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த மௌனம் விளங்கும்.

1990-களில் மீட்டர் பாதை பெயர்க்கப்பட்டு அகலப்பாதை வந்தது. அவருக்கு மகிழ்ச்சிதான்; மூட்டை மாற்றம் ஒழிந்ததல்லவா? பின்னர் 2003-இல் தென்மேற்கு இரயில்வே அமைந்தபோது தருமபுரியும் ஓசூரும் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த மண்டலத்தின் கீழ்ப் போயின. தமிழ்நாட்டு மண்ணில் ஓடும் பாதைக்குக் கருநாடகத்திலிருந்து ஆணை வருகிறது. அவருக்கு அதில் வியப்பில்லை. ஆணை எங்கிருந்து வந்தாலும் நெம்புகோல் கனம் ஒன்றே என்பார்.

2021 நவம்பரில், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே மலைப்பாதையில் பாறைகள் சரிந்து கண்ணூர்–பெங்களூர் விரைவு வண்டியின் பெட்டிகள் சில தடம் புரண்டன. அதிகாலை வேளை, நல்வினையாக உயிர்ச்சேதம் இல்லை. செய்தி கேட்டதும் முதியவர் பேசியது வண்டியைப் பற்றியன்று. மழைக்காலத்தில் அம்மலையடியில் இரவெல்லாம் விளக்கோடு நடந்த காவல் ஆட்களைப் பற்றிப் பேசினார். எந்தப் பாறையின் அடியில் நீர் ஊறுகிறது, எந்தச் சரிவில் சிறு கற்கள் முதலில் உதிர்கின்றன என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். சாவியாள் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். ஓசை மாறினால் அங்கே பிடிப்புத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த அறிவை எந்தப் பள்ளியிலும் அவர்கள் கற்கவில்லை. எந்தத் தாளிலும் எழுதியும் வைக்கவில்லை.

தமிழ் இலக்கியம் இரயிலை மறந்ததில்லை. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ஒன்று போதும், ஓடும் பெட்டிக்குள் ஓர் உலகமே இருக்கிறது என்று காட்ட. ஆனால் அது பெட்டிக்கு உள்ளே இருப்பவர்களின் உலகம். வண்டி கடந்து போகும்போது கீழே பந்தத்தோடு நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் சன்னலோர முகங்கள் ஒரு நொடிக் கீற்றுத்தான். அந்தப் பக்கத்துக் கதையை எழுத வேண்டியவர்களில் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள், அறிந்தவர்கள் கேட்கவில்லை. இப்போது மீட்டர் பாதைத் தலைமுறை எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டது. புளியமரத்தடிக் கிழவருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர இன்னும் நெடுங்காலம் இல்லை.

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் பாதை அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அச்செய்தி வந்த அன்று முதியவர் பழைய நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்தார். இராயக்கோட்டை நிலையம் மீட்டர் பாதைக் காலத்தில் இருந்த விதம்: நெம்புகோல்கள் இருந்த இடம், கைகாட்டி மரம், விளக்கறை, வளையத்தை நீட்ட அவர் நின்ற கல். எல்லாக் கோடுகளும் உறுதியாக விழுந்திருக்கின்றன. ஓரத்தில் மட்டும் ஒரு மேட்டை வரைந்து அடித்திருக்கிறார். மறுபுறம் வரைந்து அதையும் அடித்திருக்கிறார். கிழவர் கோலால் காட்டிய பழைய பாதை எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கு இப்போது நினைவில்லை.