அலங்காரம் என்றால் ஆயிற்றா?

ஜப்பானிய அனிமேவுக்கு இலக்கிய மேடையில் என்ன வேலை என்று முணுமுணுக்கும் மேதைகள் சிலர் இருக்கிறார்கள். பொம்மைப்படமாம்! தோல்பாவையில் ராமகாதை பார்த்த மண்ணில் நின்று இதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறது. கிடக்கட்டும். 1995இல் ஹிடேயாகி அன்னோ இயக்கத்தில் வந்த 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' தொடரைப் பாருங்கள். 26 பகுதிகள். நகரைத் தாக்க வரும் பூதங்களுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷிதோ' என்று பெயர், அதாவது அப்போஸ்தலர்! அவை வெடித்தால் நெருப்பு சிலுவையாக எழுகிறது. அவற்றை எதிர்ப்போர் தலைமையகத்தின் 3 கணினிகளுக்கும் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளின் பெயர்கள். பாதாள அறையிலோ, சிவப்புச் சிலுவையில் கைகள் அறையப்பட்டு ஒரு வெள்ளை உடல் தொங்குகிறது.

"எல்லாம் வெறும் அலங்காரம்" என்பார்கள். அவர்கள் கையில் சான்றும் இருக்கிறது. ரோபோ தொடர்கள் மலிந்த காலத்தில் தனித்துத் தெரியவே இவற்றைச் சேர்த்தோம், கிறிஸ்தவம் ஜப்பானில் அரிது, அதனால் மர்மமாக இருக்கும் என்று துணை இயக்குநர் சுருமாகியே சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் அரிது? அதையல்லவா கேட்க வேண்டும்! நம் முத்துக்குளித்துறையில் நடந்த அதே சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். 1614இல் நாடு முழுவதும் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. இயேசு உருவம் பொறித்த தகட்டைத் தரையில் போட்டு மிதிக்கச் சொன்னார்கள். மிதிபட்டு மிதிபட்டு அந்த முகமே வழவழவென்று தேய்ந்தது. மறைந்து வாழ்ந்தவர்கள் பௌத்தக் கன்னோன் சிலையில் மரியாளைக் கண்டார்கள். 1865இல் நாகசாகியின் ஓரா ஆலயத்துக்குள் ஒரு கிராமத்துப் பெண் வந்து, மரியாள் சிலை எங்கே என்று பாதிரியாரிடம் மெல்லக் கேட்டாள். ஏறத்தாழ 250 ஆண்டுகள் பொத்திவைத்த கேள்வி ஐயா அது! தடை நீங்கியது 1873இல். இன்றும் அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். அந்த மர்மம் கடையில் வாங்கியதல்ல, தடை விளைவித்தது.

சரி, வரலாறு இருந்தால் படத்துக்குப் பொருள் வந்துவிடுமா? வராது. படமே உழைக்க வேண்டும். மாமோரு ஓஷியின் 'ஏஞ்சல்ஸ் எக்' (1985) உழைக்கிறது. அதில் நோவாவின் கதையை ஒருவன் சொல்கிறான். அவன் கதையில், அனுப்பிய பறவை திரும்பவே இல்லை. ஒற்றை மாற்றம்தான், நம்பிக்கையின் கதை காத்திருப்பின் கதையாகிவிடுகிறது. அலங்காரம் என்கிறார்களே, அந்த எவாஞ்சலியனிலும், அறையப்பட்ட உடலிலிருந்து வடியும் திரவத்துக்குள் அமர்ந்து, அதையே சுவாசித்துத்தான் பிள்ளைகள் அந்தப் பூதங்களோடு போருக்குப் போகிறார்கள். திருவிருந்து அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டுமா? சிலுவையை அழகுக்காக எடுத்தவர்கள், அது கொண்டுவந்த பாரத்தையும் சேர்த்தே தூக்கினார்கள். மேதைகள் அலங்காரம் என்றே சொல்லிக்கொண்டிருக்கட்டும். ஓரா ஆலயத்தில் நின்றாளே ஒருத்தி, அவள் தேடி வந்ததும் ஒரு பொம்மையைத்தான்!