சபை எதை மறுக்க வேண்டும்?



சினிமாப் பாட்டு கேட்கலாமா? பொங்கலுக்கு வாசலில் கோலம் போடலாமா? நம் ஊர்ச் சபைகளில் வாலிபர் கூடுகைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் பழக்கமானவை. இப்போது கைப்பேசியும் அதில் சேர்ந்துகொண்டது. உலகத்தோடு ஒட்டிவிடக் கூடாதே என்ற மெய்யான கவலை இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் மறுக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோ மறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரை நினைத்துப் பாருங்கள். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சையில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து படித்தவர். மன்னர் இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் பயின்றவர்தான். அன்று அரண்மனையிலும் கோயிலிலும் குறவஞ்சி ஆடினார்கள். தலைவி காதலால் வாடுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள், அவள் கணவன் சிங்கன் பறவை பிடிப்பான். அந்தக் கூத்தைச் சாஸ்திரியார் தயங்காமல் எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திருந்த வானியலையும் புவியியலையும் அதே பாட்டுக்குள் கொண்டுவந்தார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற செய்தி ஒரு கிறிஸ்தவக் குறவஞ்சி வழியாகத் தமிழில் பாடப்பட்டது! இன்றைக்கு ஒரு போதகர் மரபணு ஆராய்ச்சியை வில்லுப்பாட்டில் பாடினால் எப்படி இருக்கும்? அவ்வளவு துணிச்சல் அது.

பின்னால் வந்த மிஷனரிகள் சிலருக்குத் தமிழ் இசையும் பண்டிகைக் கொண்டாட்டமும் பிடிக்கவில்லை. நிறுத்தச் சொன்னார்கள். சாஸ்திரியார் மறுத்து நின்றார். அவர் பாடிய கீர்த்தனைகள் இன்றும் நம் ஆராதனைகளில் ஒலிக்கின்றன.

ஆனால் அதே மிஷனரிகள் இன்னொன்றும் சொன்னார்கள். எல்லாச் சாதியாரும் சேர்ந்து உட்காருங்கள், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குங்கள் என்றார்கள். சாஸ்திரியார் அதையும் எதிர்த்தார். சாதியை மாற்ற முயல்வது அறிவீனம் என்று 1829-ல் எழுதினார். அவர் பாட்டின்மேல் எனக்குள்ள மதிப்பு பெரிது. அதற்காக இதை மறைத்துப் பேச முடியாது. ஊரின் கலையோடு ஊரின் சாதியும் ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவரே எழுந்தது. செத்த பிறகும் பிரிவு!

இருபதாம் நூற்றாண்டில் வேறொருவர் வேறு பாதை பிடித்தார். மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு. பரட்டை என்ற பெயரில் மக்கள் அறிந்தவர். கர்நாடகக் கீர்த்தனையும் ஆங்கில ஞானப்பாட்டும் சேரி மக்களின் நாவில் எளிதாக உட்காரவில்லை என்று கண்டார். நாட்டுப்புற மெட்டில், வயலில் பேசுகிற தமிழில் முழு ஆராதனை முறை ஒன்றை அமைத்தார். சாவுக்கு அடிப்பது, தாழ்ந்தது என்று ஆலயத்துக்கு வெளியே நிறுத்தி வைத்த பறையை உள்ளே அழைத்தார். நாட்டுப்பாட்டைப் பாடுகிறவரே தன் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், புத்தகமும் பியானோவும் வேண்டாம் என்பது அவர் கண்ட பலம். எல்லாரும் ஒரே உலையில் பொங்கி உண்பதே நற்கருணையின் பொருள் என்று போதித்தார். 2005-ல் காலமானார்.

இரண்டு பேருமே சமகாலக் கலையை எடுத்தவர்கள். ஆனால் அப்பாவு, யாருடைய கலை, அதோடு எது கூட வருகிறது என்று கேட்டு எடுத்தார். சபைகள் இன்று கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

2018-ல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வந்தது. கதை நடப்பது திருநெல்வேலிச் சீமையில், நூறாண்டு கடந்த ஆலயங்கள் நிறைந்த மண்ணில். நம் பிரசங்க மேடைகள் தொடத் தயங்குகிற சாதி வன்முறையை ஒரு சினிமா நேருக்கு நேர் பேசியது. சினிமா உலகத்தைச் சார்ந்தது, நமக்கு ஆகாது என்று சபை அதை ஒதுக்கியிருந்தால் இழப்பு சபைக்குத்தான். அதே நேரத்தில் திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று கணக்குப் போடுகிறோம். கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரத்தில் சாதிப் பெயர் தவறாமல் வருகிறது. உலகம் என்று அஞ்ச வேண்டியது இதற்கல்லவா?

போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளைகள் பார்க்கிற படத்தை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் பிரசங்கம் செய்யாமல் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத எழுத்தாளரையும் உங்கள் பள்ளி மேடைக்கு அழையுங்கள். உங்களைக் கேள்வி கேட்க அவருக்கு இடம் கொடுங்கள். பறையை ஆலயத்துக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு பகுதி என்று பிரித்திருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். மற்றக் கேள்விகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.