இரண்டு சுழிகள்: மின்னழுத்தம் குறித்துச் சில சொற்கள்



ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்ற, அவர் கரும்பலகையில் எழுதிய பாடம் ஒன்றையே எடுத்துப் பேசுவது பொருத்தம். நான் எடுத்துக்கொண்டது மின்னழுத்தம்.

1828-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் கிரீன் என்பவர் சந்தா திரட்டி ஒரு கணிதக் கட்டுரையை வெளியிட்டார். காற்றாலையில் மாவரைப்பது அவர் தொழில். பள்ளிப்படிப்பு ஏறத்தாழ ஓராண்டுதான். மின்விசைகளை ஒரே சார்பைக் கொண்டு கணக்கிடும் முறையை அதில் அவர் விரித்துரைத்தார். 1841-இல் அவர் மறைந்தபோதும் அக்கட்டுரையைப் படித்தவர் மிகச் சிலரே. 1845-இல் அது இளைஞர் வில்லியம் தாம்சனின் கைக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன அவர்தான் அதை அறிவியல் உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

அந்தச் சார்புதான் மின்னழுத்தம். அதனால் என்ன பயன்? மின்புலத்துக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. பல மின்னூட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் திசையையும் பார்த்துக் கூட்டவேண்டும். மின்னழுத்தத்துக்குத் திசையில்லை. ஓரலகு நேர்மின்னூட்டத்தை முடிவிலாத் தொலைவிலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுவரச் செய்யும் வேலையே அவ்விடத்தின் மின்னழுத்தம். புள்ளி மின்னூட்டம் என்றால், அதைத் தொலைவால் வகுத்து 9×10⁹-ஆல் பெருக்கினால் விடை வோல்ட்டில் வந்துவிடும். பல மின்னூட்டங்கள் இருந்தால், குறியோடு கூட்டினால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. இடைவெளியில் +2, −2 நானோ கூலும் மின்னூட்டங்கள் இருக்கின்றன. நடுப்புள்ளியில் ஒன்று +180 வோல்ட் தரும், மற்றது −180. கூட்டினால் சுழி. ஆனால் மின்புலம்? ஒவ்வொன்றும் கூலுமுக்கு 1,800 நியூட்டன், இரண்டும் ஒரே திசையில், ஆக 3,600. இப்போது இரண்டையும் +2 ஆக்குங்கள். மின்னழுத்தம் 360 வோல்ட். மின்புலங்கள் எதிரெதிராக நின்று சுழியாகிவிடும்.

மின்னழுத்தம் சுழி என்றால் மின்புலமும் சுழி என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். மின்புலத்தைத் தீர்மானிப்பது ஓரிடத்து மின்னழுத்தத்தின் மதிப்பல்ல. இடம் நகர நகர அது எவ்வளவு மாறுகிறது என்பதே. 11,000 வோல்ட் கம்பியில் குருவி பத்திரமாக உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்: அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகமிகச் சிறிது. அதே குருவி இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டால் உயிர் தப்பாது.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுமுன், இந்த இரு கணக்குகளையும் மாணவர்களையே போட விடுங்கள். விடை ஏன் இப்படி வந்தது என்று அவர்கள் கேட்கத் தொடங்கினாலே பாடம் பாதி நடந்துவிட்டது என்று பொருள். அப்படிக் கேட்க வைத்த ஆசிரியர்களுக்கு இவ்வுரை காணிக்கை.